ஊசிப்பாறைக்காரங்க பல்லு

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் வேணாம், அது பாஸ்போர்ட் சைஸ் எடுக்கறவங்களுக்கு. அதுல உக்காந்தா முதுகு தானா நிமிந்துக்கும், அப்படிப் பண்ணி வெச்சிருக்கேன். இந்தச் சேர்ல உக்காருங்க.

டீ சொல்லியாச்சு. பயப்படாம குடிங்க, கேன் தண்ணிதான். மெட்ராஸ்ல இருந்து அரூருக்கு வர்றவங்க பேரு ஊரு கேக்கறதுக்கு முன்னாடி தண்ணியத்தான் கேக்கறாங்க.

பெட்டி இருக்குது. இல்லன்னு நான் போன்லயே சொல்லல. அந்தா, முருகன் படத்துக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டப்பா தெரியுதா, அதான். அருளப்பன் எடுத்த மொத வருச நெகடிவ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. மழைக்காலம் வந்தா ஒரு துணியில அரிசி முடிஞ்சு உள்ள போட்டு வெப்பேன். அவன் மேல இருக்கற பாசத்துல இல்ல. பூஞ்சை புடிச்சா டப்பா கெட்டுப் போயிடும்.

தர்றேன்னும் சொல்லல, தரமாட்டேன்னும் சொல்லல. வியாழக்கிழமை வாங்கன்னு சொன்னேன், வந்துட்டீங்க. ஏன் வியாழக்கிழமைன்னு கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரியும்.

அவன் படத்தப் போட்டு நீங்க அனுப்பின புத்தகம் வந்துச்சு. இன்னும் அச்சுக்குப் போகலன்னு சொன்னீங்க, அதுவரைக்கும் நல்லது. நல்ல பேப்பர். படம் கம்மி, வெள்ளை எடம் ஜாஸ்தி. எங்க தொழில்ல அப்படி வெள்ளை விட்டு ஆல்பம் குடுத்தா பொண்ணு வீட்டுக்காரங்க திருப்பிக் குடுத்துட்டு மீதிப் படம் எங்கன்னு கேப்பாங்க. ஊசிப்பாறை மாதம்மா பக்கத்தப் பாத்தேன். வரிசையா கட்டம் போட்டு வருசத்துக்கு ஒரு படம். மொத கட்டம் மட்டும் காலி. அதுக்குக் கீழ பொடி எழுத்துல, 'ஒரு லேப்காரரின் தவறால் முதல் ஆண்டுப் படங்கள் கிடைக்கவில்லை.'

லேப்காரர்.

வெளிய போர்டு பாத்தீங்களா? ஜோதி ஸ்டுடியோ. ஸ்டுடியோ, மேடம். லேப்புங்கறது மூத்திரம் டெஸ்ட் பண்ற எடம். எனக்குப் பேரு இருக்குது, தீர்த்தகிரி. இந்தச் சுத்து வட்டாரத்துல என் கையால மூஞ்சி வாங்காத ஆளு கெடையாது. அருளப்பனும் நானும் இதே கடையில ஒண்ணா வேலைக்குச் சேந்தோம். பகல்ல ட்ரே கழுவறது, சாயந்திரம் ஆனா இரவுப் பள்ளிக்கூடம். ஒரே பெஞ்சு. கணக்குல என்னைப் பாத்து எழுதினவன், என் பேரு மறந்து போயி லேப்காரர்னு சொல்றான். சரி. பெரிய ஆளுங்களுக்கு அப்படித்தான் மறதி வரும்.

அவன் எப்படி ஊர் சுத்தப் போனான்னு உங்ககிட்ட சொல்லியிருப்பான். மனசு கேக்கல, மக்கள் கூப்பிட்டாங்க, அந்த மாதிரி ஏதாவது. நான் சொல்றேன். தேரோட்டம் எடுக்கச் சொல்லி முதலாளி அவன தீர்த்தமலைக்கு அனுப்பினாரு. ஒரு முழு ரோல் எடுத்துட்டு வந்தான். கழுவிப் பாத்தா எல்லாம் காலு. வடம் புடிக்கறவன் காலு, வெடிப்பு, சேறு, ஒருத்தன் நகத்துல ரத்தம். முதலாளி லென்ஸ வெச்சு ஒவ்வொண்ணா பாத்தாரு.

"சாமி எங்கடா?"

"சாமிய எல்லாரும் எடுத்தாங்க முதலாளி."

"தேரு?"

"இந்தக் காலு இழுக்கலன்னா தேரு எங்க போவுது?"

முதலாளி பொறுமையான ஆளு. "சரி. இனிமே உனக்குக் காலு இருக்குது, நட"ன்னாரு. அவ்வளவுதான், அன்னைக்கி நடந்தவன்தான். அதுக்குப் பேரு டாக்குமெண்டரின்னு அப்புறம் எவனோ அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். அதுவரைக்கும் நாங்க வேலையில்லாதவன்னு சொல்லிட்டிருந்தோம்.

ஒரு பழைய யாஷிகா கேமரா, ஒரு ஜோல்னா பை. ஒரிசாம்பான், பீகாரும்பான், ஆந்திராம்பான். ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க வருவான், பஸ்ஸு நாத்தம் அடிக்கும். அப்பவெல்லாம் இந்தச் செவுத்துல காஷ்மீர் ஸ்க்ரீன் தொங்கும். பனிமலை, ஏரி, ஒரு படகு. அதுக்குக் கீழதான் படுத்துக்குவான். நெசமான காஷ்மீருக்கே போயிட்டு வந்தான் ஒரு தடவ. வந்து மறுபடியும் அதுக்குக் கீழயே படுத்தான். "எப்படிடா இருந்துச்சு"ன்னு கேட்டேன். "உன்னோடது மாதிரி இல்ல, அங்க ஜனங்க இருக்காங்க"ன்னான். இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் இப்போ மைக்கு குடுத்து கைதட்டறாங்க.

கல்யாணம் பண்ணிக்கல. எந்தப் பொண்ணு ஜோல்னா பையக் கட்டிக்குவா. அவங்கம்மா செத்தப்ப இவன் ஆந்திராவுல எங்கயோ இருந்தான். மாலை போட்டு உக்கார வெச்சு கடைசிப் படம் எடுத்தது நான். மூஞ்சிக்கெல்லாம் டச்சிங் பண்ணி, கண்ணத் தொறந்த மாதிரி வரைஞ்சு, நல்லா பிரேம் போட்டுக் குடுத்தேன். எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் வந்து நின்னான். படத்தையே பாத்துட்டிருந்தான்.

"எங்கம்மாவுக்குக் கன்னத்துல ஒரு மரு இருக்குமே."

இருந்துச்சு. கொட்டப்பாக்கு மாதிரி இருந்துச்சு. நான் எடுத்துட்டேன். சொன்னேன். உடனே குந்த வெச்சு உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டான். அதுவரைக்கும் அழலியாம். பாவம், அம்மா போனது அப்பத்தான் ஒறச்சிருக்குது.

அதோட அவனுக்கு என் வேலையப் பத்தித் தெரிஞ்சிருக்கணும் இல்ல? நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டும் ஊசிப்பாறை ரோல எங்கிட்டதான் குடுத்தான்.

ஊசிப்பாறை இங்க இருந்து ஒரு மணி நேரம். போர்வெல் போட்டதுல இருந்து அந்த ஊர்த் தண்ணியில ஏதோ உப்பு. சின்ன வயசுல அதக் குடிச்சு வளந்ததுங்களுக்கு பல்லு பூரா கறை. மஞ்சக் கறை இல்ல மேடம், துருப்புடிச்ச தகரம் மாதிரி, அங்கங்க குழி. அதனால ஊரே வாயில கை வெச்சுத்தான் பேசும், வாயில கை வெச்சுத்தான் சிரிக்கும். மைக்கு புடிச்ச மாதிரி. இவன் அங்க போயி ஒரு மாசம் டேரா போட்டான். மொத பதினஞ்சு நாளு கேமராவ வெளியவே எடுக்கலியாம். களை வெட்டப் போறது, ஆடு ஓட்டறது, அவங்க சோத்தத் தின்னுட்டு திரியறது. சின்னபையன்னு ஒரு பெரியவரு, அவரு பொண்ணு மாதம்மா, அப்போ பதினாறு வயசு இருக்கும். அதுதான் கடைசியில மொத ஆளா வாயில இருந்து கைய எடுத்துச்சாம். அது எடுத்ததும் ஊரே எடுத்துருச்சாம். ஒரு கைய எடுக்க வெக்க ஒரு மாசம். நான் இங்க "மேல பாரு, சிரி"ன்னா ஆச்சு.

ரோல பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பினான். போன்ல சொன்னான், "தீர்த்தா, நான் நல்கொண்டா போறேன், அங்கயும் இதே கதைதான். ஊசிப்பாறைத் தண்ணிய விசாரிக்க கவர்மெண்டு கமிட்டி போட்டிருக்குது. கழுவி, பெருசா பிரிண்டு போட்டு நேரா கமிட்டி ஆபீசுக்கு அனுப்பிடு. விசாரணைக்கு நான் ஊசிப்பாறை வழியா நேரா போயிடறேன். தண்ணி விஷயம்டா, இத நம்பித்தான் ஊரே இருக்குது."

தண்ணி விஷயம்னான். கழுவிப் பாத்தேன். கெணறு இல்ல, குழாயி இல்ல, ஒரு கொடம் கூட இல்ல. வெறும் மூஞ்சிங்க. எல்லாம் கேமராவப் பாத்து ஈன்னு இளிக்குது. பல்லத் தொடாதேன்னு ஒரு வார்த்த சொன்னானா? சொல்லல. என்ன நெனச்சுக்கிட்டேன்னா, பாவம், ஆபீசருங்க முன்னாடி போவப்போற படம், இந்த ஜனங்க இப்படியா போயி நிக்கறதுன்னு நெனச்சேன்.

ஒரு வாரம் மேடம். கடை வேலையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு. நெகடிவ்ல பல்லு எத்தத் தண்டி இருக்கும்னு நெனக்கறீங்க? எள்ளுல பாதி. பென்சில உப்புத்தாள்ல தேய்ச்சு ஊசி மாதிரி ஆக்கிக்கணும். லென்ஸுக்குக் கீழ, மூச்ச அடக்கிக்கிட்டு, கறை இருக்கற எடத்துல மட்டும் பென்சில் படணும். பட்டா, பிரிண்டுல அது வெள்ளையாயிடும். கொஞ்சம் பிசகினா உதடும் வெள்ளையாயிடும். ஊர் பூரா பல்லும் போட்டேன், ஒத்த உதடு பிசகல. யாரும் கேக்கல, நானாத்தான் பண்ணேன். இன்னைக்கி கம்ப்யூட்டர்ல ஒரு அமுக்கு, முப்பத்திரண்டும் பளிச்சுனு ஆயிடுது. அந்தப் பென்சில் போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கண்ணுதான் போச்சு.

அப்புறம் விசாரணை. நான் போகல, அவன் சொல்லித்தான் தெரியும். கமிட்டி மேஜை மேல என் பிரிண்ட வரிசையா பரப்பியிருக்காங்க. அருளப்பனே அப்பத்தான் பாக்கறான். ஊசிப்பாறைக்காரங்க எல்லாம் முத்து மாதிரி சிரிக்கறாங்க. ஒரு ஆபீசரு எடுத்துப் பாத்துட்டு, "இதுங்க பல்லு என் பல்ல விட நல்லா இருக்கேப்பா"ன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அருளப்பன் பதறிப் போயி, இல்ல சார், சாட்சி கூட்டிட்டு வந்திருக்கேன், நேர்லயே பாருங்கன்னு சொல்லி முன்னால தள்ளி விட்டிருக்கான். யாரை? சின்னபையன.

அவருக்குப் பல்லே இல்ல மேடம்.

இந்த ஒலகம் சுத்தின ஆளு, ஊர்ல அத்தன பேரு இருக்கறப்ப, பல்லுக்குச் சாட்சியா ஒரு பொக்கைவாயனக் கூட்டிட்டுப் போயிருக்கான். ஊர்ப் பெரியவரு, மரியாதைக்குன்னானாம். நல்ல மரியாதை. இதுக்கு லேப்காரர் என்ன பண்ணுவாரு?

அந்தக் கமிட்டிக்காரங்களயும் கேக்கறேன். பல்லப் பாக்கணும்னா பல்லு இருக்கற எடத்துக்கு வாங்கய்யா. ஜீப்பு இருக்குது, டீசல் இருக்குது. ஒரு மேஜையில உக்காந்துட்டு போட்டோவப் பாத்து தண்ணி குடிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றவனுக்கு எந்தப் போட்டோவா இருந்தா என்ன.

அவன் நேரா இங்கதான் வந்தான். கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தல. நெகடிவ எல்லாம் எடுத்து வெச்சேன். "டர்பன்டைன் தொட்டு பஞ்சுல துடைச்சா பென்சில் போயிடும்டா, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க"ன்னேன். என்னைப் பாக்கவே இல்ல. "இது நான் எடுத்தது இல்ல, நீயே வெச்சுக்கோ"ன்னுட்டு எறங்கிப் போயிட்டான். வெச்சுக்கோன்னான், வெச்சுக்கிட்டேன். அன்னைல இருந்து இன்னைக்கி வரைக்கும் இந்தப் படியேறல. ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன். முப்பது வருசம் கழிச்சு ஆள அனுப்பறான்.

அதுக்கப்புறம்தான் கூத்து. ஊர் ஊரா சுத்தினவன் போயி ஊசிப்பாறையிலயே உக்காந்துட்டான். வேகமாப் போயிட்டேன், அதான் தப்பாப் போச்சுன்னு யார்கிட்டயோ சொன்னானாம். பத்து வருசம் அங்கயே. ஒவ்வொரு மாசி மாசமும் அதே ஆளுங்க, அதே செவுரு, ஒரு படம். கழுவறது பிரிண்டு போடறது எல்லாம் அவனே, ஒரு குடிசைய இருட்டாக்கி வெச்சுக்கிட்டு. வேற ஆளு கை படக்கூடாதாம். மொதல்ல பல்லு தெரியும், அப்புறம் முட்டி வளையும், அப்புறம் கையில தடி வரும். அதத்தான் நீங்க கட்டம் கட்டமா போட்டிருக்கீங்க. பரிசெல்லாம் வந்துச்சு, பேப்பர்ல பாத்தேன். அவன் எடுத்த படத்துல பாதி பேரு நேரா கூட நிக்கல.

அந்தத் தண்ணியவே குடிச்சிருக்கான். இப்போ கழுத்து திரும்ப மாட்டேங்குது, முதுகு வளையாதுன்னு நீங்க போன்ல சொன்னீங்க. கேமராவ மாட்டின கழுத்துல ஒரு தண்ணி பாட்டிலயும் மாட்டியிருக்கலாம். அவங்க குடிக்கறதத்தான் குடிப்பேன்னா, அவங்களுக்கு வேற வழியில்ல, உனக்கு என்ன வந்துச்சு? அப்போ அவன் கண்ண மூடறதுக்கு முன்னாடி அந்த மொத கட்டம் நெறையணும். பென்சிலத் துடைச்சுட்டு, பழைய கறையோட. அதானே?

இப்போ என் பக்கத்தக் கேளுங்க. விசாரணை முடிஞ்ச கொஞ்ச நாள்ல மாதம்மா இங்க வந்துச்சு. தன் படத்தப் பாக்கணும்னுச்சு. ஒரு காப்பி குடுத்தேன். இந்த எடத்துலதான் நின்னுச்சு. வாயில இருந்து கைய எடுக்காம, படத்தையே பாத்துட்டிருந்துச்சு. "இது நானாண்ணா?"ன்னுச்சு. "நீதான், வேற யாரு"ன்னேன். அந்தப் படம்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப வாயில கை. எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு பேசிக்கிட்டாங்களாம். புருசன்காரன் மூணாம் நாள்தான் பல்லப் பாத்தான். பாத்து என்ன பண்ணுவான், தாலி கட்டியாச்சு. ஊசிப்பாறையிலயே வீட்டோட மாப்பிள்ளையா இருந்துட்டான், நல்லாத்தான் வெச்சிருக்கான். அருளப்பன் ஒரு ஊர் பூராவ எடுத்து என்ன பண்ணான்? நான் ஒரு கல்யாணத்த நடத்தி வெச்சேன்.

அதுக்கப்புறம் ஊசிப்பாறையே இங்கதான். கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டு, எல்லாத்துக்கும். வேற கடைக்குப் போகமாட்டாங்க, மத்தவனுக்குப் பல்லு வராது. மாதம்மாவுக்கு நாலு பிள்ளைங்க. நாலுக்கும் அதே பல்லு. குழாயி வந்துச்சு, தண்ணிதான் என்னைக்காவது ஒரு நாள் வரும், மத்த நாளு பழையபடி போர்தான். நாலுக்கும் நாந்தான் வெள்ளையாக்கிக் குடுத்தேன். மூத்ததோட குழந்தைக்குக் கூட பல்லு முளைச்சதும் தூக்கிட்டு வந்துருச்சு. அந்த ஊருக்கு என்னை மாதிரி செஞ்சவன் யாரு?

அதான் மேடம் வியாழக்கிழமை. இன்னைக்கி சந்தை. மாதம்மா சந்தைக்கு வரும், வந்துட்டு அப்படியே இங்க வரச் சொல்லியிருக்கேன். படம் அருளப்பனோடதா என்னோடதாங்கற பேச்சே வேணாம். பல்லு யாரோடது? அதயே கேட்டுருவோம். ஒரு பொம்பள முப்பது வருசமா செவுத்துல மாட்டி வெச்சிருக்கற சிரிப்பு. அதத் துடைச்சு, ஊரு ஒலகத்துக்கெல்லாம் கறையக் காட்டட்டுமான்னு நீங்களே கேளுங்க. வேணாம்னு சொல்லும். சொன்னதும் டீயக் குடிச்சுட்டு நீங்க பஸ்ஸப் புடிங்க. நேரம் இருக்குது.

அதோ வருது பாருங்க. கூட வர்றது கடைசிப் பொண்ணு, கோகிலா. காலேஜ்ல படிக்குது.

வா மாதம்மா. பைய அங்க வை. இவங்கதான் மெட்ராஸ்காரங்க. அருளப்பண்ணன் படத்தையெல்லாம் புத்தகம் போடறாங்க. உன்னை மொத மொதல்ல எடுத்துச்சே ஒரு படம், நான் பல்லு போட்டுக் குடுத்தது, அதத் துடைச்சுட்டு பழையபடி போடணுமாம். எனக்கு ஒண்ணும் இல்ல, உன் மூஞ்சி. நீயே சொல்லு. இவங்க எதுக்கவே சொல்லு.

என்ன?

துடைக்கறதா?

சரியாக் கேட்டுச்சா உனக்கு? கறை தெரியும். எல்லாரும் பாப்பாங்க. உன் வீட்டுக்காரன் பாப்பான்.

அவன் தெனமும் பாக்கறானா. அது சரி.

இரு, இரு. மெதுவாச் சொல்லு. கேஸு போட்டிருக்கீங்களா? எப்போ? எங்கிட்ட சொல்லவே இல்லியே. தண்ணிக்குக் கேஸு, சரி. போர் போட்ட காலத்துல இருந்தே பல்லு இப்படித்தான்னு காட்டணும். சரி. அதுக்கு அருளப்பன் பத்து வருசம் எடுத்து வெச்சிருக்கானே?

அதெல்லாம் அதுக்கப்புறம் எடுத்ததா.

மேடம், கேக்கறீங்களா இது சொல்றத? விசாரணை நடந்த வருசம் ஊர்ல எல்லாருக்கும் நல்ல பல்லுன்னு ஆபீஸ்காரங்க கோர்ட்டுல படம் காட்றாங்களாம். என் படத்த. நான் போட்டு அனுப்பின அதே பிரிண்ட.

மங்கலியா மாதம்மா? மங்கலியாம். படம் நிக்கறதுக்கு ஹைப்போ மருந்துல போட்டா, நான் நல்லாக் கழுவித்தான் எடுப்பேன்.

சரி, பழைய படம் வேற எங்கயும் இல்லியா? ஊர்ல அத்தன வீடு இருக்குது, கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம்...

என்ன கோகிலா சொல்ற? வக்கீலு வீடு வீடாப் பாத்தாரா. ஒரு வீட்டுலயும் கறைப்பல்லுப் படம் இல்லியா. எல்லாம் எங்க கடைப் படமா.

எல்லாமேவா?

சின்னபையன் படம் ஒண்ணு இருக்குமே. ஆமா. அவருக்குப் பல்லில்ல.

மேடம், டீ ஆறுது.

என் படத்துக்கு அருளப்பன் கூட்டிட்டுப் போன சாட்சியே தேவல. அவராவது பேசாம நின்னாரு.

இன்னும் என்னம்மா? நான் வரணுமா. கோர்ட்டுக்கு. துடைச்ச நெகடிவக் காட்டி, பிரிண்டுல இருக்கறது என் பென்சில்னு சொல்லணுமா. வேற யாரும் சொல்ல முடியாதா. முடியாது, அது தெரியுது எனக்கு. வேற யாரு போட்டா அந்தப் பல்ல.

கோகிலா, அந்த ஸ்டூல் மேல ஏறி டப்பாவ எடு. பாத்து. அரிசி மூட்டைய வெளிய எடுத்துரு. அந்த டிராயர்ல பஞ்சு இருக்கும், டர்பன்டைன் பாட்டில் கதவுக்குப் பின்னால. இல்ல மேடம், நீங்க தொடாதீங்க. நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயி மெட்ராஸ்ல எவனாவது ஒரு லேப்காரன்கிட்ட குடுப்பீங்க, அவன் பென்சிலோட சேத்து மூஞ்சியயும் துடைச்சுருவான். போட்டவனுக்குத்தான் எங்க போட்டான்னு தெரியும். நானே துடைக்கறேன். மொத கட்டத்துக்கு ஒரு பிரிண்டு உங்களுக்கு, வக்கீலுக்கு ஒண்ணு. இன்னைக்கி முடியாது, அத்தன வாயி இருக்குது. தங்கறதுன்னா பஸ் ஸ்டாண்டு எதுக்க லாட்ஜ் இருக்குது, சுமாராத்தான் இருக்கும்.

புத்தகத்துல தவறுன்னு போட்டது அப்படியே கெடக்கட்டும். அதுக்கு முன்னால லேப்காரர்னு போட்டீங்களே, அத எடுத்துருங்க. தீர்த்தகிரி, ஜோதி ஸ்டுடியோ, அரூர். கோர்ட்டுல ஒரு பேரு, புத்தகத்துல ஒரு பேருன்னு இருக்கக் கூடாது. அவன்கிட்டயும் சொல்லிருங்க, சாட்சிக்கு இந்த வாட்டி பல்லிருக்கற ஆளாத்தான் போறான்னு. கழுத்து திரும்பலன்னா பரவால்ல, காதுலதான கேக்கப் போறான்.

மாதம்மா, கைய எடுத்துட்டுப் பேசு, பாதி புரியல.

கொஞ்சம் நகருங்க மேடம். வெளிச்சத்த மறைக்கறீங்க.